கிளினிக் கொப்பியில் இல்லாத போத்தல்

அம்மாவின் இடது கையில், மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே, அந்தக் கண்டலை நான் பார்த்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. நல்லூருக்குப் போக வெளிக்கிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தபோது கை வெளியே வந்தது. நாவற்பழத்தை நசித்துத் தேய்த்துவிட்டது போல ஒரு கரிய ஊதா. உள்ளங்கை அகலம் இருக்கும். ஓரங்களில் மஞ்சள் கட்டத் தொடங்கியிருந்தது. அப்படியென்றால் அது இன்று நேற்று வந்ததில்லை.

"உதென்னம்மா கையில?"

"கிணத்துக்கட்டில இடிபட்டது. ஒண்டுமில்லை. நேரமாகுது, வா."

"எப்ப இடிபட்டது?"

"ஆருக்குத் தெரியும். இடிபட்டிருக்கும்."

இந்த "இடிபட்டிருக்கும்" என்ற சொல்தான் என்னைப் பயப்படுத்தியது. அம்மாவுக்கு 74 வயது. இதயத் துடிப்பு சீரில்லாததால் நான்கு வருடமாக வோர்பரின் குடிக்கிறார். இரத்தம் கட்டிபட்டு மூளைக்குப் போய்விடாமல் இருக்கத் தருகிற மருந்து. அந்தக் குளிசை குடிக்கிற ஒருவருக்கு, எங்கே எப்போது இடிபட்டது என்று நினைவே இல்லாத அளவு சின்ன இடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கண்டல் வந்தால், நல்லூரான் கொஞ்சம் பொறுத்துக்கொள்வார் என்று நான் முடிவெடுத்தேன். அம்மா அந்த முடிவை இன்றுவரை மன்னிக்கவில்லை, அது வேறு கதை.

கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வோர்பரின் குடிப்பவர்களுக்கு ஐ.என்.ஆர். என்று ஒரு கணக்கு உண்டு. இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதைச் சொல்கிற எண். அம்மாவைப் போன்றவர்களுக்கு அது 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். அம்மாவின் கொப்பியில் மாதக்கணக்காக 2.4, 2.6, 2.5 என்று நல்ல பிள்ளையாக நின்ற எண், அன்று 3.9.

அந்தக் கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஐம்பது வயது தாண்டியவர் இருக்கிற எந்த வீட்டிலும் ஒரு கிளினிக் கொப்பி இருக்கும். பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கொப்பியேதான், பொலித்தீன் உறை போட்டு, பழைய துண்டுகள் எல்லாம் உள்ளே செருகி, நடுவில் கொஞ்சம் விபூதி வாசத்தோடு. எந்த டொக்டர் மாறி வந்தாலும் கொப்பியைப் பார்த்தால் ஆளின் சரித்திரமே தெரியும். அம்மாவின் கொப்பியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அதனால் டொக்டர், "வேற ஏதும் குளிசை போடுறாவோ?" என்று கேட்டதும் நானே முந்திக்கொண்டு, "இல்லை டொக்டர், எல்லாம் கொப்பியில இருக்கு" என்றேன். சோதனைத்தாளில் எல்லா விடையும் எழுதிவிட்ட பிள்ளையின் திமிரோடு சொன்னேன் என்று இப்போது தோன்றுகிறது.

வயது குறைந்த பெண் டொக்டர். பேனாவை மூடவில்லை. என்னை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துக் கேட்டார்: "அம்மா, குளிசை எண்டு நினைக்காதேங்கோ. சத்து மருந்து, நாட்டு மருந்து, வெளிநாட்டுப் பிள்ளையள் அனுப்பினது, ஏதாவது?"

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார். "மூத்தவள் கனடாவில இருந்து கொண்டுவந்த விற்றமின் ஒண்டு குடிக்கிறன். அது மருந்தில்லைத்தானே, பிள்ளை."

அக்கா அதற்கு மூன்று மாதம் முதல் வந்துபோயிருந்தார். அவரின் சூட்கேஸ் திறக்கும்போது வருகிற அந்தச் சவர்க்கார மணமும் சொக்லேற் மணமும் கலந்த வாசம் இன்னும் அலுமாரிக்குள் இருந்தது. ஸ்காபரோவில் இருபத்தைந்து வருடம். இரண்டு வருடத்துக்கு ஒருதரம் வந்து, மூன்று கிழமை நிற்பார். அந்த மூன்று கிழமைக்குள் அம்மாவுக்கு இரண்டு வருடமாகச் செய்ய முடியாததை எல்லாம் செய்துவிட வேண்டும் அவருக்கு. அம்மா எப்போதோ தொலைபேசியில் "காலுக்குள்ள இரவில குறண்டிப் பிடிக்குது" என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, விற்றமின் ஈ நல்லது என்று யாரோ வேலையிடத்தில் சொன்னதையும் கேட்டு, பெரிய போத்தலாக வாங்கி வந்திருக்கிறார். கெண்டைக்கால் பிடிப்புக்கு விற்றமின் ஈ உதவும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் கிடையாது. அது அக்காவுக்குத் தெரியாது, எனக்கும் அன்று தெரியாது. போத்தலை எனக்குக் காட்டவில்லை என்பதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. சொக்லேற்றைக் காட்டாதது போலத்தான். அது சூட்கேசில் வந்த பொருள். துண்டெழுதி வந்த பொருளில்லை.

வீட்டுக்கு வந்ததும் போத்தலைத் தேடினேன். குசினிக்குள், பிரிட்ஜுக்கு மேலே, தேயிலை ரின்னுக்குப் பின்னால் இருந்தது. பழுப்புநிறப் பிளாஸ்டிக். மூடியைத் திறந்தால் அடியில் நாலைந்து கப்சூல் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. பிரிட்ஜின் பின்பக்கச் சூடும் பங்குனி வெயிலும் சேர்ந்தால் வேறென்ன நடக்கும். தேன்நிறத்தில், வெளிச்சத்துக்குப் பிடித்தால் உள்ளே எண்ணெய் அசைவது தெரிகிற கப்சூல்கள். பார்க்க அழகுதான். மருந்து மாதிரியே இல்லை, மணிமாலையில் கோக்கலாம் போல இருந்தது.

லேபலில் கொட்டை எழுத்தில் 400 என்று இருந்தது. 400 என்ன? அதைத் தெரிந்துகொள்ள எனக்கு அரை நாள் ஆனது.

400 ஐ.யு. என்றால் சர்வதேச அலகு. விற்றமின் ஈ ஒரே பொருளல்ல, எட்டு வடிவம் உண்டு. நான்கு டோகோபெரோல், நான்கு டோகோட்ரையினோல். அவற்றில் அல்பா டோகோபெரோலைத்தான் நம்முடைய ஈரல் தெரிவுசெய்து, அதற்கென்றே இருக்கிற ஒரு புரதத்தால் பிடித்து இரத்தத்துக்குள் திருப்பி அனுப்புகிறது. மற்றவற்றைப் பெரும்பாலும் கழித்துவிடுகிறது. போத்தலில் இருப்பதும் இந்த அல்பாதான், ஆனால் இரண்டு விதம். எண்ணெய் வித்துகளிலிருந்து எடுத்தது என்றால் லேபலில் 'டி-அல்பா' என்று இருக்கும். தொழிற்சாலையில் இரசாயனமாகச் செய்தது என்றால் 'டிஎல்-அல்பா'. ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். ஆனால் உடலுக்குப் பயன்படுகிற அளவில் இயற்கையானதில் ஒரு அலகு 0.67 மில்லிகிராம், செயற்கையானதில் 0.45 மில்லிகிராம். ஆக 400 என்று போட்ட இரண்டு போத்தலில் ஒன்று 268 மில்லிகிராம், மற்றது 180. அக்காவின் போத்தல் 'டி'. நல்ல விலை கொடுத்து வாங்கியிருக்கிறார், பாவம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும்? வளர்ந்த ஒருவருக்கு 15 மில்லிகிராம். பாலூட்டும் தாய்க்கு 19. அவ்வளவுதான்.

அந்த இடத்தில் நான் பென்சிலை வைத்துவிட்டு எழுந்துபோய் ரீ போட்டேன். பிறகு வந்து கச்சானில் கணக்குப் பார்த்தேன், ஏனென்றால் மில்லிகிராம் என்பது அம்மாவுக்கு ஒன்றும் சொல்லாது. ஒரு பிடி வறுத்த கச்சானில், 28 கிராம் அளவில், 2 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலே விற்றமின் ஈ உண்டு. 268 மில்லிகிராம் வேண்டுமென்றால் ஏறத்தாழ மூன்றரைக் கிலோ கச்சான் சாப்பிட வேண்டும். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் கச்சான் கடைக்குப் போனாலும் எங்கள் குடும்பமே அவ்வளவு தின்று முடிக்காது. அம்மா அதை ஒரு கப்சூலில் விழுங்கிக்கொண்டிருந்தார். ஒன்றல்ல, இரண்டு. காலையும் மாலையும்.

"ஒண்டுதானேயம்மா போட்டிருக்கு லேபலில?"

"அவள் ஒண்டு எண்டுதான் சொன்னவள். கால் பிடிப்பு நிக்கேல்லை. அதால ரெண்டாக்கினன்."

வோர்பரினை இப்படிக் கூட்டிக் குறைக்க அம்மாவுக்குக் கனவிலும் துணிவு வராது. பிரஷர் குளிசையை அரை மணி பிந்திப் போட்டாலே என்னைக் கூப்பிட்டுக் கேட்பவர். ஆனால் இது சத்து. சத்தைக் கூட்டினால் சத்துக் கூடும்.

சரி, இந்த விற்றமின் என்னதான் செய்கிறது? நல்லெண்ணெய் போத்தலைத் திறந்து வைத்துவிட்டால் கொஞ்ச நாளில் காறிப்போகிறதே, அது கொழுப்பை ஒட்சிசன் தின்பதால் நடப்பது. வித்துக்குள் இருக்கும்வரை எண்ணெய் அப்படிக் காறாமல் பார்த்துக்கொள்வதில் விற்றமின் ஈக்குப் பெரிய பங்குண்டு. நம் உடலின் ஒவ்வொரு கலத்தைச் சுற்றியும் கொழுப்பால் ஆன மெல்லிய சவ்வு இருக்கிறது. அங்கேயும் அதே காவல் வேலை. 1922இல் அமெரிக்காவின் பேர்க்லியில் ஹேர்பர்ட் எவன்ஸும் கதரின் பிஷப்பும் எலிகளுக்குச் சுத்திகரித்த உணவு மட்டும் கொடுத்துப் பார்த்தபோது, எலிகள் கொழுத்து வளர்ந்தனவே ஒழிய குட்டி தங்கவில்லை. இலையும் வித்தும் கொடுத்ததும் தங்கின. அப்படிப் பிடிபட்டதுதான் இது. டோகோபெரோல் என்ற பெயரே கிரேக்கத்தில் பிள்ளைப்பேற்றைத் தருவது என்ற பொருளில் வைத்தது. எங்கள் ஊரில் பிள்ளைக்காகக் காத்திருக்கிற பெண்களிடம் யாராவது ஒரு மாமி காதுக்குள் விற்றமின் ஈ பற்றிச் சொல்வதற்கு மூலம் அந்த எலிகள் என்று நினைக்கிறேன். எலிக்கு நடந்தது மனிதருக்கும் நடக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கர்ப்பிணிகளுக்கு விற்றமின் சியும் 400 அலகு ஈயும் கொடுத்தால் கர்ப்பகால உயர் இரத்த அழுத்த நோயைத் தடுக்கலாமா என்று பிரித்தானியாவில் பார்த்து 2006இல் வெளியிட்டார்கள். தடுக்கவில்லை. நிறை குறைந்த குழந்தைகள் விற்றமின் குடித்தவர்களின் பக்கத்தில்தான் கூடுதலாக இருந்தன.

எண்பது தொண்ணூறுகளில் உலகமே இந்தக் காவல்காரனைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது. ஒட்சியேற்றம்தான் மாரடைப்புக்கும் புற்றுநோய்க்கும் முதுமைக்கும் காரணம், அதைத் தடுக்கிற விற்றமினைக் கூடக் குடித்தால் எல்லாம் தள்ளிப்போகும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பிறகு பெரிய பெரிய பரிசோதனைகளில் ஆயிரக்கணக்கானோருக்கு வருடக்கணக்காகக் கொடுத்துப் பார்த்தபோதுதான் கதை மாறியது.

இதில் என் பெரியப்பாவின் பங்கு வருகிறது. சுன்னாகத்தில் இருக்கிறார், இளைப்பாறிய தபாலதிபர், எதையும் வாசித்துவிட்டுத்தான் செய்பவர். அம்மாவின் கதையைக் கேட்டதும், "நானும் போடுறன் பிள்ளை, புரஸ்ரேற்றுக்கு நல்லது" என்றார். அவர் வாசித்தது பொய்யில்லை, பழசு. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களிடம் செய்து தொண்ணூறுகளில் முடிவு வந்த ஒரு பரிசோதனையில் விற்றமின் ஈ குடித்தவர்களுக்குப் புரஸ்ரேற் புற்றுநோய் குறைவாகத் தெரிந்தது. அதே பரிசோதனையில் மூளை இரத்தக்கசிவால் இறந்தவர்கள் அந்தப் பக்கத்தில் கூடுதலாக இருந்ததை அவ்வளவாக யாரும் பேசவில்லை. அந்த நல்ல செய்தியை உறுதிப்படுத்தத்தான் 2001இல் 35,000க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து இன்னொரு பரிசோதனையைத் தொடங்கினார்கள். தினமும் 400 அலகு. பலன் தெரியவில்லை என்று 2008இல் குளிசையை நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகும் ஆட்களைத் தொடர்ந்து பார்த்ததில், 2011இல் வந்த முடிவு: விற்றமின் ஈ மட்டும் குடித்தவர்களுக்குப் புரஸ்ரேற் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதல்.

பெரியப்பாவிடம் இதை நான் தொலைபேசியில் சொன்னபோது அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அப்ப பேப்பர்காரன் அதையும் எல்லோ போட்டிருக்கவேணும்" என்றார். அவரின் கோபம் நியாயமானது. நல்ல செய்தி பேப்பரில் பெட்டி கட்டி வரும், அதைத் திருத்துகிற செய்தி வராது.

2005இல் 19 பரிசோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு, 400 அலகும் அதற்கு மேலும் குடித்தவர்களிடம் இறப்பு சற்றுக் கூடுதல் என்றது. அந்தப் பரிசோதனைகளில் பலவற்றில் இருந்தவர்கள் ஏற்கனவே வருத்தக்காரர், வயதானவர், ஆகவே எல்லோருக்கும் பொருத்த முடியாது என்று அதை மறுத்தவர்களும் உண்டு. மறுப்பும் நியாயம்தான். ஆனால் எங்கள் வீடுகளில் இதைக் குடிப்பவர்கள் யார்? வருத்தக்காரரும் வயதானவரும்தானே. இருபது வயதுப் பொடியனுக்கு யார் விற்றமின் போத்தல் அனுப்புகிறார்கள். இதயநோயையோ புற்றுநோயையோ தடுக்கலாம் என்று நினைத்து விற்றமின் ஈ குடிக்க வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2022இல் நேராகவே சொல்லிவிட்டது.

அம்மாவின் கைக்குத் திரும்புகிறேன். வோர்பரின் வேலைசெய்வது விற்றமின் கேயை முடக்கி. இரத்தம் உறைய வேண்டிய சில புரதங்களை ஈரல் செய்ய கே வேண்டும். விற்றமின் ஈ பெருமளவில் போனால் அதுவும் கேயின் வேலைக்குக் குறுக்கே நிற்கிறது. அது போதாதென்று, இரத்தச் சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதையும் குறைக்கிறது. ஒரே கதவை இரண்டு பேர் சேர்ந்து ஒரே பக்கத்துக்கு இழுப்பது போல. வோர்பரின் மட்டுமல்ல, பைபாஸ் செய்தவர்களும் ஸ்ரென்ற் வைத்தவர்களும் குடிக்கிற அஸ்பிரினும் குளோபிடோகிரெலும் இதே பட்டியலில் வரும். யாழ்ப்பாணத்தில் அஸ்பிரின் 75 குடிக்காத ஒரு பெரியவரை எனக்குக் காட்டுங்கள் பார்ப்போம்.

அளவுக்கு மேல்வரம்பு என்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் அது நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம், ஐரோப்பாவில் 300. மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். அம்மாவின் இரண்டு கப்சூல் 536 மில்லிகிராம். அமெரிக்கக் கணக்கில் பாதுகாப்பு, ஐரோப்பியக் கணக்கில் மீறல். நான் முதலில் அமெரிக்கக் கணக்கைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டேன். பிறகுதான் விளங்கியது: இந்த வரம்பெல்லாம் வேறு மருந்து குடிக்காத சுகதேகிகளை மனதில் வைத்துப் போட்டது. வோர்பரின் குடிப்பவருக்கு அந்த எண்கள் பேசுவதில்லை.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். 3.9க்கு அந்தப் போத்தல்தான் காரணம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். டொக்டரும் செய்யவில்லை. "இதாலதான் எண்டு நான் அடிச்சுச் சொல்லமாட்டன். ஆனா நிப்பாட்டினா நட்டம் ஒண்டுமில்லை, நிப்பாட்டாட்டி வரலாம்" என்றார். அந்த மாதம் மழையில்லாமல் எங்கள் வளவில் பொன்னாங்காணி கருகிவிட்டது, வல்லாரையும் கிடைக்கவில்லை. அம்மா கீரை சாப்பிட்டது குறைவு. கீரையில்தான் விற்றமின் கே நிறைய. கீரை குறைந்தாலே ஐ.என்.ஆர். ஏறும். எது எவ்வளவு செய்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு வேளை வோர்பரினை விடச் சொன்னார், போத்தலை முற்றாக நிறுத்தச் சொன்னார், ஒரு கிழமையில் திரும்ப வரச் சொன்னார். 2.7. பிறகு 2.5.

வேடிக்கை ஒன்றும் இருக்கிறது. விற்றமின் ஈ கொழுப்பில் கரைவது. சாப்பாட்டோடு, அதுவும் கொஞ்சம் எண்ணெய் தேங்காய்ப்பால் உள்ள சாப்பாட்டோடு குடித்தால்தான் உடலில் சேரும். அம்மா காலைக் கப்சூலை விடிய ஐந்து மணிக்கு வெறும் வயிற்றில் பிளேன்ரீயோடு குடித்திருக்கிறார். அதில் பெரும்பகுதி சேராமலே போயிருக்கும். முறைப்படி புட்டுக்கும் கத்தரிக்காய்ப் பால்கறிக்கும் பிறகு குடித்திருந்தால் கண்டல் எந்த அளவில் நின்றிருக்குமோ.

இன்னொரு பாவனையும் எங்கள் வீட்டில் நடந்தது. அண்ணாவின் மகள் உயர்தரம் படிக்கிறாள். கலியாணவீடு ஒன்று வர, முகத்தில் பரு வந்த தழும்புக்குக் கப்சூலைக் குண்டூசியால் குத்தி, எண்ணெயை எடுத்து இரவில் பூசிக்கொண்டு படுத்திருக்கிறாள். தொலைபேசியில் யாரோ செய்து காட்டியதாம். மூன்றாம் நாள் கன்னம் இரண்டும் சிவந்து, தடித்து, கடி தாங்க முடியாமல் என்னிடம் வந்தாள். "மாமி, இயற்கைதானே இது?" என்று கேட்டாள். இயற்கைதான். காஞ்சோண்டியும் இயற்கைதான். 1999இல் வந்த ஒரு சிறிய ஆய்வில் சத்திரசிகிச்சைத் தழும்புகளில் விற்றமின் ஈ பூசிப் பார்த்திருக்கிறார்கள். மூன்றில் ஒருவருக்குத் தோல் ஒவ்வாமை வந்தது. தழும்போ பெரும்பாலானவர்களுக்கு மாறவில்லை, சிலருக்கு மோசமானது. பதினைந்து பேரை மட்டும் வைத்துச் செய்தது, ஆகவே அதைப் பெரிதாகத் தூக்கிப்பிடிக்க மாட்டேன். மருமகளின் கன்னம் போதும் எனக்கு. கலியாணவீட்டுப் படங்களில் அவள் எல்லாவற்றிலும் பின்வரிசையில் நிற்கிறாள்.

அவள் அதை வாங்கிய பாமசியில் யார் குடிக்க, எதற்கு என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மிட்டாய் கேட்டதுபோல் எண்ணிக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் சனமும் கேள்வி கேட்கிற பாமசியை விட்டுவிட்டுக் கேட்காத பாமசிக்குத்தான் போகும் என்பதையும் சொல்ல வேண்டும்.

விற்றமின் ஈயே கெட்டது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்து வீட்டு ரீச்சர் அதை டொக்டரின் துண்டோடு குடிக்கிறார். ஈரலில் கொழுப்புப் படிந்து, அது வீக்கமாக மாறிய நிலை. நீரிழிவு இல்லாதவர். அப்படிப்பட்டவர்களுக்கு 800 அலகு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010இல் வந்தது. ஏறத்தாழ இரண்டு வருடத்தில், குடித்தவர்களில் 43 சதவீதமானோருக்கு ஈரல் முன்னேறியது. மருந்தில்லாத வெறும் மாத்திரை குடித்தவர்களில் 19 சதவீதம். பித்தம் ஒழுங்காகச் சுரக்காதவர்கள், உணவுக் கொழுப்பை உறிஞ்ச முடியாத குடல் நோய்காரர், அல்பாவைப் பிடித்து இரத்தத்துக்கு அனுப்புகிற அந்த ஈரல் புரதம் பிறப்பிலேயே சரியில்லாத அரிதான சிலர், இவர்களுக்கு உண்மையிலேயே குறைபாடு வரும். நரம்பு பாதிக்கும், நடை தடுமாறும். அவர்களுக்கு அது மருந்துதான். மருந்தாக எழுதி, மருந்தாகக் கொடுத்து, இரத்தம் எடுத்துப் பார்த்துப் பார்த்துக் கொடுப்பார்கள். ரீச்சரின் கொப்பியில் அது இருக்கிறது. வித்தியாசம் அங்கேதான்.

மற்றவர்களுக்கு? சாதாரணமாகச் சாப்பிடுகிற சுகதேகிக்குக் குறைபாடு வருவது மிக அரிது. எங்கள் சாப்பாட்டில் எங்கே இருக்கிறது என்று தேடினேன். கச்சான் சொன்னேன். சூரியகாந்தி எண்ணெய் ஒரு மேசைக்கரண்டியில் ஐந்தரை மில்லிகிராம். பாதாம், சூரியகாந்தி விதை இரண்டும் இதில் பணக்காரர், விலையிலும். இலைக்கறிகளில் உண்டு, மாம்பழத்தில் கொஞ்சம் உண்டு. கறுத்தக்கொழும்பான் காலத்தில் எங்கள் வீட்டில் அந்தக் 'கொஞ்சம்' கொஞ்சமாக இராது. தேங்காயெண்ணெயில் இல்லை என்றே சொல்லலாம். நல்லெண்ணெய்தான் எனக்கு ஏமாற்றம். செக்கு நல்லெண்ணெய் என்றால் எல்லாச் சத்தும் இருக்கும் என்று வளர்ந்தவள் நான். அதில் இருப்பது பெரும்பாலும் காமா வடிவம். ஈரல் எடுத்து வைத்துக்கொள்கிற அல்பா குறைவு. ஆனாலும் தோசைக்கு நல்லெண்ணெயை விட்டுவிட்டு வேறெதையும் ஊற்றப்போவதில்லை. விற்றமினுக்காகவா நல்லெண்ணெய் ஊற்றுகிறோம்.

அக்காவுக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. வாட்ஸ்அப்பில் வீடியோவில் வந்தார். அங்கே இரவு, வேலை முடிந்து கோட் கூடக் கழற்றவில்லை. கண்டலின் படத்தை அனுப்பியிருந்தேன், அது என் பிழை. "நானோ அம்மாவுக்கு இப்பிடிச் செய்தன்" என்று அழுதார். அம்மா தொலைபேசியைப் பறித்து, "உன்ர தங்கச்சி டொக்டருக்குப் படிக்கேல்லை, கணக்குத்தான் படிச்சவள். நீ சாப்பிட்டியோ?" என்றார். அடுத்தநாள் அக்கா தான் குடிக்கிற போத்தல்களை எல்லாம் மேசையில் அடுக்கிப் படம் பிடித்து அனுப்பினார். ஏழு. அதில் மூன்றில் விற்றமின் ஈ இருந்தது. முடிக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று, மல்ட்டிவிற்றமின் ஒன்று. பெயர் வேறு, படம் வேறு, பின்பக்கத்துச் சின்ன எழுத்தில் அதே அல்பா. கூட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

இப்போது எங்களுக்குள் ஒரு ஒழுங்கு வந்திருக்கிறது. எதை அனுப்புவதென்றாலும் வாங்க முதல் லேபலின் பின்பக்கத்தை அக்கா படம் எடுத்து அனுப்புவார். கனடாவில் விற்கிற இப்படியான பொருள்களில் என்.பி.என். என்று எட்டு இலக்க எண் இருக்கும், அது இருக்கிறதா என்று பார்ப்பார். இங்கே விற்கிற மருந்துகளைப் பார்த்துக்கொள்ளத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை இருக்கிறது. சூட்கேசுக்குள் வருவதை யார் பார்ப்பது, நாங்கள்தான். படத்தை நான் கிளினிக்கில் காட்டிய பிறகுதான் வாங்குவது. பல்லுப் பிடுங்கப் போனாலும் கண் ஓப்பரேசனுக்குத் திகதி தந்தாலும் முன்கூட்டியே போத்தலைப் பற்றிச் சொல்வது. சத்திரசிகிச்சைக்கு முன்னர் எத்தனை நாளைக்கு நிறுத்துவது என்பதை அவர்கள் சொல்வார்கள். வோர்பரினையோ அஸ்பிரினையோ மட்டும் யாரும் தாங்களாக நிறுத்தக்கூடாது, நிறுத்த வேண்டியது போத்தல். முரசில் இரத்தம், நிற்காத மூக்குக்கசிவு, கறுப்பு மலம் என்றால் கிளினிக் நாள் வரும்வரை பார்த்துக்கொண்டிருப்பதில்லை. திடீரென்று தாங்க முடியாத தலையிடி, வாய் கோணல், கை கால் விழுந்துபோதல் என்றால் 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். அந்த எண்ணைப் பிரிட்ஜில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். போத்தல் இருந்த இடத்துக்கு நேர் கீழே.

போன மாதக் கிளினிக்குக்கு முதல்நாள் இரவு, கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு ஒரு பட்டியல் எழுதினேன். மேலே, "டொக்டர் எழுதாதவை". அதற்குக் கீழே: விற்றமின் ஈ 400 அலகு, டி-அல்பா, நாளுக்கு இரண்டு, மாசியிலிருந்து வைகாசி வரை, நிறுத்தியாயிற்று. கால் பிடிப்புக்குப் பூசும் எண்ணெய். சனிக்கிழமைகளில் வேப்பம்பூ வடகம். கடைசியாகச் சொன்னதை அம்மாதான் எழுதச் சொன்னார், என்னைக் கிண்டல் பண்ணுவதற்காக. எழுதிவிட்டேன்.

காலை ஆறரைக்கே வரிசை. வாங்கில் அம்மா, பக்கத்தில் நான், கொப்பி மடியில். தாதி ஒவ்வொரு கொப்பியாக வாங்கி அடுக்கிக்கொண்டு வந்தார். அம்மாவின் கொப்பியைப் புரட்டிக் கடைசிப் பக்கத்தில் நின்று, கொஞ்சம் சத்தமாகவே வாசித்தார். "டொக்டர் எழுதாதவை. இது நல்லாயிருக்கே. ஆர் எழுதினது?" வடகத்துக்கு வந்ததும் சிரித்துவிட்டார்.

எங்களுக்குப் பின்னால் ஒரு ஐயா, வேட்டியும் கசங்காத வெள்ளைச் சேர்ட்டும். தன் கொப்பியை நீட்டப்போனவர் கையை இழுத்துக்கொண்டார். காலடியில் வைத்திருந்த பையை மடியில் தூக்கி வைத்து, குடையையும் தண்ணீர்ப் போத்தலையும் ஒதுக்கிவிட்டு அடிவரை துழாவினார். மேப்பிள் இலை போட்ட ஒரு வெள்ளைப் போத்தலை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பிறகு இன்னொன்று. பிறகு மூடி தொலைந்து பொலித்தீனால் கட்டியிருந்த ஒன்று.

"தங்கச்சி," என்று என் பக்கம் குனிந்து கேட்டார், "உம்மட்டைப் பேனை ஒருக்கால் இருக்குமோ?"